அப்பாவுக்கு ட்ரோபோனின் 62, ஆனால் ஹார்ட் அட்டாக் இல்லையாம். அப்படியென்றால் இந்த எண் எதற்கு?

#1 கடைக்குட்டி

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை வந்து 20 வருடம், டயாலிசிஸ் இது மூன்றாவது வருடம். திங்கள், புதன், வெள்ளி. ட்ரை வெயிட், அதாவது தேங்கிய தண்ணீரை எடுத்தபின் இருக்கவேண்டிய எடை, 58 கிலோ. போன ஞாயிறு இரவு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு தலையணை, இரண்டு தலையணை என்று வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு வலி இல்லை. விடிவதற்குள் கேஷுவாலிட்டிக்குக் கூட்டிப்போனோம்.

ஈசிஜி எடுத்தார்கள், பழைய மாதிரியேதான் இருக்கிறது என்றார்கள். இரத்தத்தில் ட்ரோபோனின் டி பார்த்தார்கள், இதயத் தசைக்கு அடிபட்டால் ஏறுமாம். 62. பக்கத்தில் '14க்குக் கீழ்' என்று போட்டு, எண்ணைச் சிவப்பில் அச்சடித்திருந்தார்கள். டியூட்டி டாக்டர் முகம் மாறிவிட்டது. ஆஞ்சியோ வரை பேச்சு போனது. மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுத்ததில் 64. அதற்குள் நெஃப்ராலஜிஸ்ட் (சிறுநீரக டாக்டர்) வந்து பார்த்துவிட்டு, "இது தண்ணீர் ஏறினதுதான், டயாலிசிஸ் போடுங்கள்" என்று சொல்லிவிட்டார். 3.2 லிட்டர் எடுத்தார்கள். அப்பா மதியமே படுத்துத் தூங்கினார். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சரி, நிம்மதி என்று பார்த்தால், அண்ணன் பழைய ஃபைலைத் துழாவிப் போன வருட ரிப்போர்ட் ஒன்றை எடுத்துவிட்டான். வேறு லேப். அதில் ட்ரோபோனின் டி 0.05. இப்போது 62! ஆயிரம் மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, அட்டாக்கைக் கோட்டைவிட்டுவிட்டார்கள் என்று வீட்டில் ஒரே ரகளை. அம்மா இரண்டு நாளாகத் தூங்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஆறரை ஷிப்ட்

தம்பி, முதலில் அந்த 0.05க்குப் பக்கத்தில் என்ன யூனிட் போட்டிருக்கிறது என்று பார். நானோகிராம் பர் மில்லிலிட்டரா, பர் லிட்டரா?

#3 கடைக்குட்டி

தம்பி இல்லை அண்ணா, தங்கை :) மில்லிலிட்டர் என்று இருக்கிறது. புதிய ரிப்போர்ட்டில் லிட்டர்.

#4 ஆறரை ஷிப்ட்

மன்னிக்கணும்மா. அப்படியென்றால் 0.05 என்பது 50. ஆயிரத்தால் பெருக்கணும். போன வருடம் 50, இப்போது 62. ஆயிரம் மடங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. உங்கள் அண்ணனைக் கால்குலேட்டரைக் கீழே வைக்கச் சொல்.

இதே குழப்பத்தில் நானும் ஒரு ராத்திரி முழுக்க முழித்திருக்கிறேன். ஒன்பது வருடமாகக் காலை ஆறரை டயாலிசிஸ் ஷிப்டில் படுக்கிறவன், எனக்கே அந்தக் கதி.

#5 சென்ட்ரிஃபியூஜ்

லேபில் இருக்கிறேன். ஆறரை அண்ணா சொன்ன கணக்கு சரி. அதற்கு மேல் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது.

ட்ரோபோனின் என்பது இதயத் தசை நார்களுக்குள் இருக்கும் புரதம். தசைக்கு அடிபட்டால் இரத்தத்தில் கசியும். டி, ஐ என்று இரண்டு வகையைப் பரிசோதிக்கிறோம். அந்த 14 எப்படி வந்தது? ஆரோக்கியமானவர்கள் கூட்டத்தை எடுத்துப் பார்த்தால் 100 பேரில் 99 பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் டயாலிசிஸில் இருப்பவர்கள் யாரும் கிடையாது. உங்கள் அப்பாவை அளக்க வைத்திருக்கும் கோல் அவருக்காகச் செய்தது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டயாலிசிஸில் இருக்கும் 733 பேரைப் பரிசோதித்து 2002இல் 'சர்குலேஷன்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ட்ரோபோனின் டி 82 சதவீதம் பேருக்கு அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தது. அதே ஆட்களிடம் ட்ரோபோனின் ஐ பார்த்தால் 6 சதவீதம் பேருக்குத்தான் மேலே. அன்றைய கருவிகளை வைத்து எடுத்த கணக்கு அது. இன்று வந்திருக்கும் ஹை சென்சிட்டிவிட்டி முறைகள் இன்னும் நுணுக்கமானவை, அவற்றில் ஐயும் பலருக்கு ஏறித்தான் தெரிகிறது. ஆகவே ஒரு லேபில் டி, இன்னொரு லேபில் ஐ எடுத்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. யூனிட் ஒன்றாக இருந்தாலும் கூடாது.

"கிட்னி வெளியேற்றவில்லை, அதனால் தேங்கிவிட்டது, அவ்வளவுதான்" என்று பலர் சொல்வார்கள். அதுவும் ஒரு பங்குதான், ஆனால் அதோடு முடியவில்லை. டயாலிசிஸ் தொடங்கும்போதே ஏறத்தாழ நாலில் மூன்று பேருக்கு இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப் போயிருக்கும். வருடக்கணக்கான பிரஷர், தண்ணீர்ச் சுமை, இரத்தசோகை எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. தடித்த தசைக்கு இரத்தம் போதாமல் அணு அணுவாக நசியும். அந்தக் கசிவுதான் தினமும் 50, 60 என்று காட்டுகிறது. அடைப்பு வந்து ஒரேயடியாகத் தசை சாவது வேறு, இது வேறு.

அட்டாக்கா இல்லையா என்று பிரிப்பது எண்ணின் ஓட்டம். இரண்டு சாம்பிளுக்கு நடுவில் ஏறணும், அல்லது இறங்கணும். மாரடைப்புக்கான 2018 சர்வதேச வரையறையில், ஏற்கெனவே மேலே இருக்கும் எண் 20 சதவீதத்துக்கு மேல் அசைந்தால்தான் புதிய அடி என்று எடுத்துக்கொள்கிறார்கள். கூடவே அறிகுறியோ, ஈசிஜி மாற்றமோ, எக்கோவில் (இதய ஸ்கேன்) புதிதாக ஒரு சுவர் அசையாமல் நிற்பதோ இருக்கணும். 62இலிருந்து 64 என்பது 3 சதவீதம். அதே மெஷினில் அதே இரத்தத்தை இரண்டு தடவை ஓட்டினாலே வரக்கூடிய வித்தியாசம்.

#6 சின்ன மருமகள்

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கதையையும் கேளுங்கள்.

என் மாமியார் டயாலிசிஸில் ஐந்தாவது வருடம். ஒரு நாள் பாதி ஷிப்டில் வியர்த்துக் கொட்டி பிரஷர் இறங்கியது. தாடை வலிக்கிறது என்றார். நெஞ்சு வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ட்ரோபோனின் எடுத்தார்கள், ஏறியிருந்தது. "டயாலிசிஸ் பேஷன்ட் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத விரும்பவில்லை. மறுநாள் இன்னோர் இடத்தில் எடுத்தபோது எட்டு மடங்கு. ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் பம்பிங் பாதியாகக் குறைந்துவிட்டது.

அதனால்தான் "எல்லோருக்கும் அப்படித்தான்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

#7 சென்ட்ரிஃபியூஜ்

அக்கா, உங்கள் கோபம் முழுக்க நியாயம். அங்கே நடந்த தப்பு, இரண்டாவது சாம்பிள் எடுக்காததுதான். முதல் எண் மட்டும் இருந்தால் என்னைப் போன்றவர்களாலும் ஒன்றும் சொல்ல முடியாது. பழைய எண் கைவசம் இருந்திருந்தாலாவது அப்போதே தெரிந்திருக்கும்.

இன்னொன்று. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு, அதுவும் சர்க்கரையும் சேர்ந்திருந்தால், நெஞ்சு வலி இல்லாமலே அட்டாக் வருவது சாதாரணம். மூச்சு வாங்குவது, காரணமில்லாத அசதி, ஷிப்ட் நடுவில் பிரஷர் சரிவது என்று வேறு வேஷத்தில் வரும். சில நேரம் வந்து வெகுநேரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏற்றம் முடிந்து எண் ஒரே மட்டத்தில் நிற்பதுபோலவும் தெரியலாம். ஆகவே தட்டையாக இருந்தால் எப்போதும் நிம்மதி என்றும் நான் சொல்லமாட்டேன்.

#8 கடைக்குட்டி

அக்கா, படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. இப்போது அத்தை எப்படி இருக்கிறார்?

அப்பாவுக்கு அதே ரிப்போர்ட்டில் என்.டி. ப்ரோ பி.என்.பி. என்று ஒன்று இருக்கிறது. '35000க்கு மேல்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். எண் கூடத் தரவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

#9 சின்ன மருமகள்

இருக்கிறார்மா. நடையைக் குறைத்துக்கொண்டார், வாயைக் குறைக்கவில்லை.

#10 சென்ட்ரிஃபியூஜ்

அந்த '35000க்கு மேல்' என்பது மெஷினுக்கு எண்ணத் தெரிந்தது அதோடு சரி என்று அர்த்தம். லேபில் சாம்பிளை நீர்க்கச் செய்து பார்த்தால் உண்மையான எண் கிடைக்கும், யாரும் கேட்காவிட்டால் நாங்களாகச் செய்வதில்லை.

இதய அறை இழுபட்டு விரியும்போது சுரக்கும் பொருள் அது. தண்ணீர் கூடினால் ஏறும். ஒரே மூலப் புரதம் இரண்டாக உடைந்து பி.என்.பி.யும் என்.டி. ப்ரோ பி.என்.பி.யும் வருகின்றன. இரண்டாவது வெளியேறச் சிறுநீரகத்தை ரொம்பவே நம்பியிருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு 300க்குக் கீழே இருந்தால் திடீர் இதயச் செயலிழப்பு இல்லை என்று ஒதுக்கலாம். டயாலிசிஸில் இருப்பவருக்கு அந்த 300க்கு மதிப்பே இல்லை, சாதாரண நாளிலேயே ஆயிரங்களில்தான் இருக்கும். அவருடைய போன எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். தொடர்ந்து ஏறினால் ட்ரை வெயிட் சரிதானா என்று யோசிக்க அது ஒரு சாடை.

#11 பம்ப் 300

டயாலிசிஸ் டெக்னீஷியன். கொஞ்சம் தாமதமாகத்தான் இழையைப் பார்த்தேன்.

கடைக்குட்டி சொன்னதில் என் கண் போய் நின்றது ட்ரோபோனினில் இல்லை. 3.2 லிட்டரில். எத்தனை மணி நேரத்தில் எடுத்தார்கள்? நாலு மணி நேரம் என்றால் மணிக்கு 800 மில்லி. 58 கிலோவுக்கு வகுத்தால் கிலோவுக்கு மணிக்கு 13.8. பதிமூன்றைத் தாண்டினால் இறப்பும் இதயக் கோளாறும் கூடுதலாகத் தொடர்புபட்டிருப்பதை 2011இல் வந்த ஆய்வு காட்டியது. அன்றைக்கு அவருக்கு மூச்சே முட்டியது, எடுத்துத்தான் ஆகவேண்டும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாராவாரம் இதே கணக்கு ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், வேகமாகத் தண்ணீர் உறிஞ்சும்போது இதயச் சுவரின் சில பகுதிகள் கொஞ்ச நேரம் மரத்துப்போய் நிற்கும். ஷிப்ட் நடக்கும்போதே எக்கோ வைத்துப் பார்த்தால் தெரியும். இரத்தக் குழாயில் அடைப்பே இல்லாதவர்களுக்கும் இது நடக்கிறது. இப்படி மரப்பதும் மீள்வதும் வாரம் மூன்று முறை நடந்தால் ஒரு கட்டத்தில் மீளாமலே போகும். ட்ரோபோனின் அப்படியே மேலே உட்கார்ந்திருப்பதற்கு நாங்கள் ஓட்டும் பம்பும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன்.

டயாலைசேட், அதாவது டயாலிசிஸ் மெஷினில் ஓடும் திரவம், அதன் சூட்டைக் கொஞ்சம் குறைத்தால் இந்த மரப்பு குறைகிறது என்று சிறு ஆய்வுகள் சொன்னதும் எங்களுக்கெல்லாம் பெரிய உற்சாகம். 2022இல் பெரிய சோதனையின் முடிவு வந்தது, இதய விளைவுகளில் வித்தியாசம் இல்லை. குளிரில் நடுங்கினதுதான் பேஷன்ட்டுக்கு மிச்சம்.

அப்புறம் அந்த ஞாயிறு இரவு. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி. அந்த நீண்ட இடைவெளி முடியும் நாளில்தான் இறப்பும் ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் அதிகம் என்று 2011லேயே தெளிவாக வந்துவிட்டது. தண்ணீர் மட்டும் இல்லை, பொட்டாசியமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். டயாலிசிஸில் இருப்பவர்களின் இதய மரணத்தில் பெரிய பங்கு திடீர் மரணம், துடிப்பு தடம் புரள்வது. அடைப்பை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

#12 வெட்டிவாதம்

எல்லாம் சரி. ஒரு கேள்வி. ட்ரோபோனின் ஏறியிருந்தால் ரிஸ்க் அதிகம் என்கிறீர்கள். அதைக் குறைக்க மாத்திரை இருக்கிறதா? இல்லையென்றால் எதற்கு அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளணும்? என் பெரியப்பாவுக்கு மாதாமாதம் எடுக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் வீட்டில் இழவு விழுந்த மாதிரி.

#13 ஆறரை ஷிப்ட்

நியாயமான கேள்வி. மாதாமாதம் எடுப்பது வீண் வேலைதான் என்பேன். அப்படி எடுத்து யாரையும் காப்பாற்றியதாக நிரூபணம் இல்லை.

ஆனால் ஒரு தடவை, நன்றாக இருக்கும்போது, எடுத்து வைத்துக்கொள்ளணும். என்னுடையது 48. ட்ரோபோனின் டி, வார நடுவில், ஷிப்ட் தொடங்கும் முன் எடுத்தது. ஒரு சின்ன அட்டையில் எழுதி போன் கவருக்குள் வைத்திருக்கிறேன். மூன்று வருடம் முன்னால் ஒரு பயண வழியில் மயங்கி விழுந்து, தெரியாத ஊர் ஐசியூவில் கண் முழித்தேன். 51 என்று வந்ததைப் பார்த்து அட்டாக் வார்டுக்கு மாற்றப் பார்த்தார்கள். அட்டையை நீட்டினேன். அந்த டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "போன டயாலிசிஸ் எப்போ?" என்று கேட்டார். அதற்கு அப்புறம்தான் சரியான பேச்சே தொடங்கியது. கடைசியில் அது பொட்டாசியம்.

#14 சென்ட்ரிஃபியூஜ்

அண்ணா சொன்ன 'ஷிப்ட் தொடங்கும் முன்' முக்கியம். ஹை ஃப்ளக்ஸ் டயாலைசர் (பெரிய துளைச் சவ்வு உள்ள வடிகட்டி) வழியே ஓடி வந்தால் டி கொஞ்சம் குறையும். ஐ சவ்விலேயே ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒரு தடவை முன்னால், ஒரு தடவை பின்னால் என்று எடுத்தால் ஒப்பிட முடியாது.

வெட்டிவாதம் அவர்களுக்கு: எதிர்கால ஆபத்தைக் கணிக்க ட்ரோபோனின் டி பயன்படும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2004இலேயே ஒத்துக்கொண்டது. முன்பு சொன்ன 2002 ஆய்விலும் டி எவ்வளவு மேலே இருந்ததோ அவ்வளவு இறப்பும் கூடியிருந்தது. வலி, மூச்சு வாங்கல் எதுவும் இல்லாத சாதாரண நாளில் எடுத்த எண்கள் அவை. ஆக, 64க்கு மேல் அசையாத அந்த 62 'இன்று அட்டாக் இல்லை' என்றும் சொல்கிறது, 'இந்த இதயம் கஷ்டப்படுகிறது' என்றும் சொல்கிறது. முதல் பாதியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

#15 வெட்டிவாதம்

கொலஸ்ட்ரால் மாத்திரை? ஆஞ்சியோ?

#16 சென்ட்ரிஃபியூஜ்

நான் டாக்டர் இல்லை, ஆனால் இவை எல்லோரும் படிக்கக்கூடிய முடிவுகள். சர்க்கரையோடு டயாலிசிஸில் இருந்த 1255 பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்தது '4டி' சோதனை, 2005. கெட்ட கொலஸ்ட்ரால் நன்றாக இறங்கியது, அட்டாக்கும் இறப்பும் பெரிதாகக் குறையவில்லை. 2009இல் 'அரோரா', 2776 பேர், ரோசுவாஸ்டாட்டின், அதே கதை. அதனால் டயாலிசிஸ் தொடங்கியபின் புதிதாக ஸ்டாட்டின் (இந்த வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரை) ஆரம்பிக்க வேண்டாம், ஏற்கெனவே எடுப்பவர்கள் நிறுத்த வேண்டாம் என்று 2013 சர்வதேச வழிகாட்டுதல் சொன்னது. இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் குறிப்பாக.

ஆஞ்சியோவும் அப்படியே. முற்றிய சிறுநீரக நோயோடு நிலையான இதய அடைப்பு இருந்த 777 பேரில், முதலிலேயே ஆஞ்சியோ செய்தவர்களுக்கும் மருந்தோடு இருந்தவர்களுக்கும் அட்டாக், இறப்பில் வித்தியாசம் இல்லை என்று 2020இல் வந்தது. நிலையான அடைப்புக்கு மட்டும் இது. சின்ன மருமகள் அக்காவின் மாமியாருக்கு நடந்ததுபோல் அட்டாக் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தக் கணக்கு செல்லாது.

#17 பம்ப் 300

எண்ணைக் குறைக்க மாத்திரை இல்லை, உண்மை. ஆனால் உப்பு, இடைவெளியில் ஏறும் எடை, ட்ரை வெயிட், ஷிப்டின் நேரம், பிரஷர், ஹீமோகுளோபின், பாஸ்பரஸ் எல்லாம் நம் கையில் இருக்கிறதே. "அரை மணி முன்னாலேயே எடுத்துவிடு தம்பி, பஸ் போயிடும்" என்று கெஞ்சுகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம். அந்த அரை மணி நேரத்தில் எடுக்காமல் விட்ட தண்ணீர் ஞாயிறு ராத்திரி வந்து தலையணையை எண்ணும்.

#18 முடிகொட்டுது

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். டயாலிசிஸ் தொடங்கியதும் முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிறேன். அதனால் ஏதாவது?

#19 சென்ட்ரிஃபியூஜ்

நல்லவேளை கேட்டீர்கள். விலகவே இல்லை.

சில லேப் முறைகள் பயோட்டினையே கொக்கியாக வைத்துத்தான் ட்ரோபோனினைப் பிடிக்கின்றன. உடம்பில் பயோட்டின் அதிகமாக மிதந்தால் கொக்கி எல்லாம் அதிலேயே நிரம்பி, ட்ரோபோனின் இருக்கிறதைவிடக் குறைவாகக் காட்டும். அட்டாக் இருந்தும் இல்லை என்று வரலாம். இப்படித் தப்பாகக் குறைந்து காட்டிய ஒருவர் இறந்ததாக எஃப்.டி.ஏ. 2017இல் எச்சரிக்கையே விட்டது. பயோட்டின் வெளியேறுவதும் சிறுநீரகம் வழியாகத்தான், ஆகவே உங்களுக்குத் தங்கும் நேரம் கூடுதல். நெஃப்ராலஜிஸ்டிடம் சொல்லுங்கள், எந்தப் பரிசோதனைக்குப் போனாலும் இரத்தம் எடுப்பவரிடமும் சொல்லுங்கள். இப்போது பல கம்பெனிகள் முறையை மாற்றிவிட்டன, ஆனால் உங்கள் லேப் எது வைத்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதே.

#20 முடிகொட்டுது

அட கடவுளே. டாக்டரிடம் இதுவரை சொல்லவே இல்லை. அழகுக்குத்தானே என்று நினைத்தேன்.

#21 கடைக்குட்டி

பதினைந்து நாள் கழித்து வருகிறேன்.

பம்ப் அண்ணா கேட்டபடி ஷிப்ட் தாள்களை எடுத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை எல்லாமே 3 லிட்டருக்கு மேல், எல்லாமே 4 மணி நேரம். சில நாள் மூணே முக்காலில் கழற்றியிருக்கிறார்கள். அப்பாவைக் கேட்டால் விட்டத்தைப் பார்க்கிறார். நெஃப்ராலஜிஸ்டிடம் தாள்களைக் காட்டினோம். எக்கோ எடுத்தார்கள், சுவர் தடித்திருக்கிறது, பம்பிங் பரவாயில்லை. ட்ரை வெயிட்டை அரைக் கிலோ அரைக் கிலோவாக 57க்குக் கொண்டுவருகிறார்கள். திங்கள் மட்டும் நாலரை மணி நேரம். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

போன புதன் ஷிப்டுக்கு முன்னால் ஊசி குத்தியதும் ட்ரோபோனின் எடுக்கச் சொன்னேன். 55. அண்ணன் ஃபைல் அட்டையின் உள்பக்கத்தில் பெரிதாக எழுதிவிட்டான்.

#22 ஆறரை ஷிப்ட்

யூனிட் எழுதினானா?

#23 கடைக்குட்டி

எழுதினான். 'டி' என்றும் எழுதி, இரண்டு கோடு போட்டிருக்கிறான்.